யல்க் என்றால் கால்

மூன்று வருடத்துக்கு முந்தி, மாசி மாதப் பனிக்குள்ளை, கனடாவில், ஸ்காபரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு முழங்கால் மாற்றி ஒப்பரேசன் செய்திருந்தது. மகளின்ரை வீடு மில்லிக்கனில். படுக்கிற அறை மேல்மாடியில், பகலில் வீட்டில் ஒருத்தரும் இல்லை. அதனால் நடை பழக்கி வீட்டுக்கு அனுப்புகிற இந்த ஆஸ்பத்திரிக்கு என்னை இரண்டு கிழமைக்கு மாற்றி விட்டார்கள்.

நான் கதைக்கிற ஆள் இல்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் சுவர்க்கரைக் கதிரையாகப் பார்த்து இருந்துவிட்டு வருவேன். அஞ்சாம் வகுப்போடை படிப்பும் முடிஞ்சுது. இங்கிலிஸ் பஸ்ஸுக்கும் கடைக்கும் காணும், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் ஏதும் கேட்டால் தலையை ஆட்டி, சிரித்து, "ஓகே, தாங்க்யூ" என்று சொல்லி விடுவேன். விளங்கினாலும் ஓகே, விளங்காவிட்டாலும் ஓகே. இந்த நாட்டில் இத்தனை வருடமும் அப்படித்தான் ஓட்டினேன். அதைப் பிழை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. மற்றக் கட்டிலில் ஒரு வெள்ளைக்கார மனிசி. தொண்ணூறு வயது தாண்டியிருக்கும். நல்ல உயரம், பஞ்சு மாதிரித் தலைமயிர். இடுப்பு எலும்பு உடைந்து, இரும்பு வைத்துப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். வந்த முதல்நாள் அவ நேர்ஸோடை கதைத்ததைக் கேட்க, எனக்குத்தான் இங்கிலிஸ் விளங்கவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் நேர்ஸுக்கும் விளங்கவில்லை. அது இங்கிலிஸே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவவின்ரை மகன் மிசிசாகாவில் இருந்து வந்தார். அவருக்கே அறுபத்தைந்து இருக்கும். அந்த நேரம் என்ரை மகளும் நின்றபடியால் விசயம் விளங்கியது. அவை எஸ்தோனியா என்ற நாட்டு ஆட்கள். இரண்டாம் உலகச் சண்டைக்குள்ளை அந்த மனிசி சின்னப் பிள்ளையாய் வள்ளத்தில் தப்பி வந்தவவாம். ரொறன்ரோவிலை பள்ளிக்கூடம் போய், இங்கிலிஸில் வேலை செய்து, இங்கிலிஸில்தான் சீவியம் நடத்தியிருக்கிறா. ஒப்பரேசன் மயக்கம் தெளிந்து எழும்பினபோது இங்கிலிஸ் போய்விட்டுதாம். தாய் சொல்லிக் குடுத்த பாசை மட்டும்தான் மிச்சம். திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்று டொக்டர் சொன்னவராம்.

"அப்ப எனக்கும் உது நடக்குமோ?" என்று மகளைக் கேட்டேன்.

"உங்களிட்டை இருந்தால்தானே அம்மா போறதுக்கு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதுக்குப் பிறகு அந்த மனிசியில் எனக்கு ஒரு ஒட்டு வந்துவிட்டது. இங்கிலிஸ் இல்லாத இரண்டு பேர் ஒரு அறைக்குள்ளை. பகலில் திரையை ஒதுக்கி விடச் சொல்லி நானே கையைக் காட்டுவேன். காலமை பிசியோக்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிலில் வைத்தே காலைத் தூக்கி இறக்கப் பண்ணுவார். அவ தன்ரை காலில் தட்டி, "யல்க்" என்றா. நான் என்ரை காலில் தட்டி, "கால்" என்றேன். அவ "கால், கால்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா. நான் படித்த முதல் எஸ்தோனியச் சொல் அதுதான். ஒரு பாசையில் காலில் இருந்து தொடங்கின ஆள் நானாய்த்தான் இருப்பேன்.

அந்த மகனும் நல்ல மனிசன், திங்கள் பின்னேரம் திரும்ப வந்தார். நான் "யல்க்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, கதிரையை விட்டு எழும்பி வந்து எனக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். தொடையில் இருந்து விரல் வரைக்கும் கையால் தடவிக் காட்டி, முழுக்க யல்க் என்றார். இங்கிலிஸில் மேலுக்கு ஒரு பெயர், பாதத்துக்கு வேறை பெயர். எங்களுக்குக் கால் என்றால் எல்லாம் கால்தானே, அவைக்கும் அப்படித்தான். மேசையின்ரை காலைத் தொட்டு, அதுவும் யல்க் என்றார். ரெலிபோனில் ஒரு சைக்கிள் படத்தைக் காட்டி நீட்டாய் ஒரு சொல் சொன்னார். மகள் கேட்டு, "கால் சில்லு எண்டு அர்த்தமாம் அம்மா" என்றாள்.

இன்னொன்றும் காட்டினார். மனிசி கட்டிலில் இருந்து எழும்பப் பார்க்கிற நேரமெல்லாம் "யல்க் எய் கன்னா" என்று முணுமுணுப்பா. அதென்ன என்று நான் கையால் கேட்டேன். அவர் தன்ரை முழங்காலைப் பொத்தென்று மடித்து, விழுகிற மாதிரிக் காட்டினார். கால் தாங்காது. பிறகு நிமிர்ந்து நின்று, காலை நிலத்தில் ஊன்றி, "கன்னாப்" என்றார். தாங்குது. நான் இரண்டையும் சொல்லிக் காட்டினேன். தாய் தலையணையில் சாய்ந்து கிடந்து சிரித்தா.

அந்தக் கிழமை அவவுக்கு நாளுக்கு நாள் முன்னேற்றம். செவ்வாய்க்கிழமை வோக்கரைப் பிடித்து நாலடி, வியாழன் கதவு மட்டும். சனிக்கிழமை நடைபாதையில் ஒரு சுற்றுப் போய் வந்தா. வந்து என்ரை கட்டில் காலடியில் நின்று, "கன்னாப்" என்று எனக்குச் சொன்னா, ஒரு சின்னப் பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணின மாதிரி. அடுத்த நாள் மகன் வந்தபோது, இன்னும் ஒரு கிழமையில் வீட்டுக்கு விடுவார்கள் என்று நேர்ஸ் சொன்னா. அவ தனியாய் இருக்கிற வீடு. அங்கை திரும்பிப் போறதுதான் அவவுக்குப் பெரிய எண்ணம். மகன் அந்த வீட்டுக் கதவின்ரை திறப்பைக் கொண்டு வந்து அவவின்ரை கையில் வைத்திருந்தார். அவ அதைத் தலையணைக்குக் கீழே வைத்தா.

திங்கட்கிழமை காலமை அது நடந்தது. உதவிக்கு வருகிற பெண் அவவைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அவசரம். அந்தப் பெண்ணுக்கு அந்தக் காலமைக்குள்ளை எத்தனை பேரைக் கழுவி உடுப்பு மாற்ற வேணுமோ, தெரியாது. வாசலில் மனிசியின்ரை செருப்பு எதிலையோ கொழுவ, ஆள் ஒரு பக்கம் திருகிக்கொண்டு சரிஞ்சா. விழவில்லை. அந்தப் பெண் இடுப்பில் பிடித்து, பக்கத்தில் நின்ற வீல் செயாரில் பொத்தென்று இருத்திவிட்டா. "ஓகே? ஓகே?" என்று கேட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டா. நிலத்தில் விழுந்தால்தான் அது விழுந்த கணக்காம். பிறகுதான் எனக்குத் தெரியும், இது எங்கேயும் எழுதப்படவில்லை.

திரும்பக் கட்டிலுக்கு வந்த மனிசியின்ரை முகம் சுண்ணாம்பாய் இருந்தது. பிசியோக்காரர் வந்து எழும்பச் சொன்னார். அவ எழும்பவில்லை. "யல்க் எய் கன்னா" என்றா. அவர் சிரித்துக் கதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் நேர்ஸ் கொம்பியூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தா. மனிசியைக் கேட்டா, விளங்கவில்லை. பிறகு என்ரை பக்கம் திரும்பி என்னவோ கேட்டா. எனக்கு "வோக்" என்றதும் "பாத்ரூம்" என்றதும் "ஓகே" என்றதும் விளங்கியது. நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். சிரித்தேன். "யேஸ், ஓகே, தாங்க்யூ" என்றேன். அவ தட்டி எழுதினா. பிறகுதான் தெரிந்தது, குளியலறைக்குப் போகும்போது அவ நல்லாய் நடந்தவவோ என்று கேட்டிருக்கிறா. நல்லாய் நடந்தவ என்று நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பிசியோக்காரரும் இன்னொருத்தரும் வந்து, இரண்டு கமக்கட்டிலும் பிடித்து அவவைத் தூக்கி நிறுத்தினார்கள். போன கிழமை நடந்த ஆள்தானே, இப்ப பயத்தில்தான் மாட்டேன் என்கிறா என்று அவை முடிவு கட்டிவிட்டார்கள். அவ போட்ட சத்தம் இண்டைக்கும் எனக்குக் கேட்குது. "எய் கன்னா, எய் கன்னா." சனிக்கிழமை கன்னாப் என்று சொன்ன ஆள் ஏன் இப்ப எய் கன்னா என்கிறா என்று கேட்க அந்தக் கட்டிடத்தில் ஒரு மனிசர் இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நான், திரைக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பின்னேரம் மகள் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள்.

"பிள்ளை, உந்த மனிசிக்குக் காலிலை ஏதோ நடந்திட்டுது. நீ ஒருக்கா நேர்ஸிட்டைச் சொல்லன்."

"அம்மா, மற்ற ஆக்களின்ரை வருத்தத்தைப் பற்றி நாங்கள் கதைக்கேலாது. இஞ்சை அது ரூல்ஸ்."

"அப்ப நேர்ஸ் ஏன் என்னட்டைக் கேட்டவ?"

"என்ன கேட்டவ? நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓகே எண்டன்."

அவள் தலையில் கையை வைத்தாள். "நீங்கள் எல்லாத்துக்கும் ஓகே தானே. போன மாசம் ரெலிபோனிலை ஆரோ கேட்டதுக்கு ஓகே எண்டு சொல்லி, ஹீற்றர் குழாய் கிளீன் பண்ண ரெண்டு பேர் மெசினோடை வாசல்லை வந்து நிண்டவங்கள். இப்ப உதுக்குள்ளையும் தலையைப் போட்டிட்டியள். அவையின்ரை வேலையை அவை பார்ப்பினம். நீங்கள் உங்கடை காலைப் பாருங்கோ."

எனக்கு அவளிலும் கோபம். அவள் படித்தவள், வாய் உள்ளவள். ஆனால் வெள்ளைக்காரருக்கு முன்னால் அவளுக்கும் என்ரை பயம்தான், உடுப்புத்தான் வேறை.

புதன்கிழமை நானே கதைக்க வெளிக்கிட்டேன். நேர்ஸ் வந்தவுடனே, "லெக், பெயின்" என்று மனிசியின்ரை பக்கம் கையைக் காட்டினேன். அவ என்ரை காலைப் பார்த்தா. போய் எனக்கு ஒரு நோக்குளிசை கொண்டு வந்து தந்தா. நான் அதை விழுங்கிவிட்டு "தாங்க்யூ" என்று சொன்னேன் பாருங்கோ. என்னை நானே அடித்திருக்க வேணும். அந்த மனிசிக்கும் அண்டைக்கு ஒரு குளிசை குடுத்தார்கள், சத்தம் போடாமல் இருக்கிறதுக்கு. அதுக்குப் பிறகு அவ வாயைத் திறந்தபடி கிடந்தா. மகனுக்கு நேர்ஸ் ரெலிபோன் எடுத்துச் சொன்னவவாம், அம்மா கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறா, நடக்க மாட்டேன் என்கிறா என்று. அந்தக் கிழமை அவருக்கு வர வசதிப்படவில்லை. அவவுக்குக் காது மந்தம், ரெலிபோனில் அவரோடை கதைக்கவும் ஏலாது.

வியாழக்கிழமை காலமை டொக்டரும் நேர்ஸும் இன்னும் இரண்டு பேரும் அவவின்ரை கட்டில் காலடியில் நின்று கதைத்தார்கள். எனக்கு விளங்கினது இரண்டே சொல். "மண்டே." மற்றது "நேர்சிங் ஹோம்." இங்கிலிஸ் தெரியாத எங்கடை கிழவன் கிழவியள் எல்லாருக்கும் அந்தச் சொல்லு மட்டும் விளங்கும். திங்கட்கிழமை அவவை அங்கை அனுப்பப் போகிறார்கள். நடக்கிறதுக்கு முயற்சி எடுக்காத ஆளுக்கு இந்த ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லையாம். தலையணைக்குக் கீழே வீட்டுத் திறப்பு. அதுக்கு மேலே அவ நித்திரை.

அவை போன கையோடை பிசியோக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். எனக்கு உள்ளுக்குள்ளை என்ன நடந்ததோ தெரியாது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நோ" என்றேன்.

"பெயின்?" என்றார்.

"நோ பெயின். நோ வோக்." மனிசியைக் காட்டி, "ஷீ நோ வோக், மீ நோ வோக்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நேர்ஸ் வந்து கேட்டா. அவவுக்கும் நோ. இத்தனை வருடமும் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த நோ எல்லாம் அந்தக் காலமை வெளியிலை வந்தது. கண்ணீர் வந்தது, ஆனால் கம்பியை விடவில்லை. கடைசியில், உங்கடை அம்மா பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறா என்று மகளுக்கு ரெலிபோன் போனது.

மார்க்கம் நகரில் இருக்கிற ஒஃபிசில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் மகள் வந்துவிட்டாள். சப்பாத்தில் பனி, தோளில் ஒஃபிஸ் பையோடை.

"என்னம்மா சேட்டை உது? மீட்டிங்கை விட்டிட்டு வாறன்."

"இரு. நேர்ஸைக் கூப்பிடு. அந்த டொக்டரையும் கூப்பிடு. நான் சொல்லுறதை அவைக்குச் சொல்லு."

அவை வந்தார்கள். நான் முதலில் இருந்து சொன்னேன். செருப்புக் கொழுவினது, திருகினது, பொத்தென்று இருத்தினது, நேர்ஸ் கேட்டதுக்கு நான் விளங்காமல் ஓகே சொன்னது, சனிக்கிழமை கன்னாப், திங்கட்கிழமை எய் கன்னா. அழுதழுது சொன்னேன். மகள் அவைக்குச் சொன்னாள். இரண்டே வசனம். அதுவும் சிரித்துக்கொண்டு. அவையும் திரும்பிச் சிரித்தார்கள். நேர்ஸ் என்ரை தோளில் தட்டினா.

எனக்கு இங்கிலிஸ் தெரியாது. ஆனால் நான் அவ்வளவு நேரம் அழுது சொன்னதை இரண்டு வசனத்தில் சிரித்துக்கொண்டு சொல்ல ஏலாது என்று தெரியும்.

"என்ன சொன்னனி?"

"நீங்கள் பக்கத்துக் கட்டில் மனிசியைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுறியள் எண்டு சொன்னனான்."

"நான் சொன்னது உதில்லை. நான் சொன்ன மாதிரிச் சொல்லு. நான் பிழை விட்டனான் எண்டதையும் சொல்லு."

"அம்மா, எழுதி வைச்சிருக்கினம். பிறகு உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்."

"வரட்டும். அவவுக்கு வந்ததிலும் பார்க்க என்ன வரப்போகுது? நீ சொல்லாட்டி நான் இந்தக் கம்பியை விட மாட்டன்."

மகளைப் பெற்று வளர்த்த காலத்தில் நான் அவளை அப்படி முறைத்துப் பார்த்ததில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். சிரிப்பு நின்றது. இந்த முறை நீளமாய்ச் சொன்னாள். நடுவில் "யல்க் எய் கன்னா" என்று என்னைப் போலவே சொன்னாள். நேர்ஸ் கொம்பியூட்டரைப் பார்த்தா, பிறகு நிலத்தைப் பார்த்தா. டொக்டர் மனிசியின்ரை போர்வையைக் கால் பக்கத்தால் தூக்கினார். இரண்டு குதிக்காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு கால் ஒரு விரல் அகலம் கட்டையாய், வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அந்தப் போர்வையைத் தூக்கிப் பார்க்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. அவவுக்குப் பாசை போனதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை.

மத்தியானம் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இரும்பு வைத்த இடத்துக்குக் கீழே எலும்பு வெடித்திருந்ததாம். பின்னேரம் அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். குளிசை மயக்கத்தில் கிடந்தபடியே போனா. என்னைப் பார்க்கவில்லை. நேர்ஸ் வந்து எனக்கு "குட் ஜொப்" என்றா. நான் தலையை ஆட்டவில்லை. அந்த மனிசியிட்டை ஒருத்தரும் மன்னிப்புக் கேட்டதை நான் காணவில்லை.

சனிக்கிழமை மகன் சாமான் எடுக்க வந்தார். திரும்ப ஒப்பரேசன் முடிந்ததாம், நடக்கிறது பற்றி இப்ப ஒன்றும் சொல்லேலாதாம். நான் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ரை ஓகேயைப் பற்றி அவருக்குச் சொல்லச் சொன்னேன். சொன்னாள், ஒரு சொல்லும் குறைக்காமல். அவர் தாயின்ரை உடுப்பை மடித்துக்கொண்டு நின்றவர், மடிக்கிறதை நிறுத்தினார். பிறகு மகளிட்டை மெதுவாய்ச் சொன்னார்.

"அம்மா சொன்னதைக் கேட்க ஒரு ஆள் எண்டாலும் இருந்ததுக்கு நன்றியாம்" என்றாள் மகள். பிறகு தயங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். "ஆனால் நாலு நாளாம் அம்மா. நாலு நாள்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தலையணைக்குக் கீழே இருந்து திறப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அதுக்குப் பிறகு அவவைப் பற்றி எனக்கு ஒரு சேதியும் இல்லை.

நடந்ததை எல்லாம் எழுதி ஆஸ்பத்திரிக்குக் குடுக்கச் சொல்லி மகளைக் கேட்டேன். எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்துக் காட்டின நேரம், மகளுக்கும் என்ரை கோபம் வந்துவிட்டதைக் கண்டேன். அது ஒன்றுதான் ஆறுதல்.

இப்ப எங்கை போனாலும், விளங்காவிட்டால் "ஐ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். வெக்கமாய்த்தான் இருக்கும். சிலர் சலித்துக்கொள்வார்கள், சிலர் சத்தமாய்த் திரும்பச் சொல்வார்கள். நான் அசைய மாட்டேன். ஆனால் இதைப் பெரிய பாடம் படித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வெக்கத்தில் விழுங்கின ஒரு சொல்லுக்கு இன்னொரு மனிசி வெடித்த காலோடை எழும்பி நின்றா என்பதை நினைக்கும்போது, அந்த ஆஸ்பத்திரியிலும் என்னிலும் இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.